விருந்தாளிக் கொடி

"நாளையிலேருந்து நீ அடிக்க வேணாம், வளர்க்கணும்" என்று சூப்பர்வைசர் சொன்னபோது பம்புக்காரர் முதுகிலிருந்து மருந்து டாங்கியை இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்து வார் கழன்று முழங்கையில் தொங்கியது, மறுபக்கத்து வார் இன்னும் தோளில் இருந்தது. அப்படியே நின்று கேட்டார். எந்தக் கொடியை இருபத்திரண்டு வருஷமாகத் தேடிப் பிடித்து வெட்டி, தண்டில் விஷம் தடவி, மூட்டை கட்டி எரிப்பதற்கு அனுப்பினாரோ, அதே கொடியை ஊருக்கு நடுவில் இருக்கிற கலைக்கூடத்தில் ஓர் அறை நிறைய வளர்க்கப்போகிறார்களாம். கண்காட்சியாம். தடைசெய்த செடி என்பதால் உரிமம் உள்ள ஆள்தான் அதைத் தொடலாம். களை இலாகாவில் உரிமம் வைத்திருப்பவர்கள் மூன்றே பேர். ஒருவருக்கு இடுப்புவலி. இன்னொருவருக்கு வாய்க்கொழுப்பு, நாலு பேர் வந்துபோகிற இடத்துக்கு அனுப்ப முடியாது.

"ஏசி ரூம்பா. வெயில் கெடையாது. மூணு மாசம். உனக்கும் ஒரு மாறுதலா இருக்கும்." சூப்பர்வைசர் இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பம்புக்காரரின் அண்ணன் இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அது இலாகாவில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அவரிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள், கனமான டாங்கியை அவர் எடுப்பதற்குள் தாங்கள் எடுத்துக்கொண்டார்கள்.

"சரி" என்றார். அந்த நாட்களில் யார் எது சொன்னாலும் அவர் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு சொல்தான்.

அந்தக் கொடிக்குக் காகிதத்தில் இரண்டு வரி நீளத்துக்குப் பெயர் உண்டு. யார் வாயிலும் நுழையாது. இலாகாவில் ‘விருந்தாளி’ என்பார்கள். யாரோ ஒரு புண்ணியவான் நாற்பது வருஷத்துக்கு முன் மாடிக்கு நிழலாக இருக்கட்டுமென்று கடல் தாண்டி ஒரு துண்டு கொண்டுவந்து நட்டாராம். அது கைப்பிடிச் சுவரைத் தாண்டி, ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு போய், ஆற்றங்கரை முழுவதையும் வளைத்துவிட்டது. நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு ஒரு சாண் வளரும். விளக்குக் கம்பத்தில் ஏறும், மரத்தின் தலையில் முக்காடு போட்டு மூச்சை நிறுத்தும். கோபத்தில் பிடுங்கினால் போச்சு. நகக்கண் அளவு துண்டு மண்ணில் கிடந்தாலும் அங்கிருந்து இன்னொன்று கிளம்பும். அதனால் பிடுங்கக்கூடாது. வெட்டி, வெட்டுவாய் காய்வதற்குள் பிரஷ்ஷால் மருந்து தடவி, வெட்டியதைப் பையில் போட்டு முடிச்சுப் போட வேண்டும். பம்புக்காரர் பிறந்த நாடும் அந்தக் கொடி வந்த நாடும் ஒன்று. "உங்க ஊர்க்காரன்தானே, நீ கூப்ட்டுச் சொன்னா கேக்க மாட்டானா?" என்று இடுப்புவலிக்காரர் இருபது வருஷமாக ஒரே நகைச்சுவையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பம்புக்காரரும் இருபது வருஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கலைக்கூடத்தில் அவருக்குக் கொடுத்த அறை வெள்ளையாக இருந்தது. சுவர், கூரை, தரை எல்லாம் வெள்ளை. நடுவில் ஒரு பெரிய மண்பாத்தி, அதைச் சுற்றிக் கையகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. கோட்டுக்குள் விருந்தாளி இஷ்டம்போல் வளரலாம். கோட்டைத் தாண்டி வந்ததை அவர் தினமும் காலையில், கதவு திறப்பதற்கு முன், வெட்டிவிட வேண்டும். வெட்டிய துண்டை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி, ஓரத்தை அடைத்து, தேதி எழுதிச் சுவரில் மாட்டுவார்கள். மூன்று மாதத்தில் சுவர் நிரம்பிவிடும் என்று கணக்கு. இதையெல்லாம் யோசித்துச் செய்தவர் ஐம்பதை நெருங்கிய ஓர் அம்மா. காவலாளிகள் அவருக்குச் ‘செடியம்மா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பூட்ஸில் எப்போதும் மண் ஒட்டியிருக்கும். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை தலையாட்டிக்கொண்டே இருப்பார். தன் கையாலேயே டீ போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்.

முதல் நாள் கோட்டைத் தாண்டிய கொழுந்தைப் பார்த்ததும் பம்புக்காரரின் கை தானாகவே இடுப்பில் இல்லாத மருந்துப் புட்டியைத் தேடியது. "மருந்து வேணாம். வெட்டுனா போதும். மறுபடி வரட்டும்" என்றார் செடியம்மா. மறுபடி வருவதற்காக வெட்டுவது. சரி என்றார்.

வீட்டில் அவர் மனைவிக்கு வேறு கவலை. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் பெட்ஷீட்டுகளை இயந்திரத்தில் கொடுத்து மடிப்பது அவள் வேலை. டாக்டர்கள் பேசுவது காதில் விழும். அண்ணன் போன நாளிலிருந்து இந்த மனுஷன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கடைசிக் காரியத்தைப் போனில் பார்க்கும்போதுகூட, அண்ணன் மகன் பிடித்திருந்த படம் ஒரேயடியாக ஆடியபோது, "கொஞ்சம் நேராப் பிடிப்பா" என்றுதான் சொன்னார். உப்புப் போட மறந்த சோற்றை ஒன்றும் சொல்லாமல் தின்றார். சுடு பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்து, மெதுவாக, அவசரமில்லாமல் கீழே வைத்தார். இருபத்திரண்டு வருஷ விஷம் நரம்பில் ஏறிவிட்டது என்று முடிவுகட்டி ரத்தம் பரிசோதிக்கக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் ஒவ்வொரு விரல் நுனியிலும் ஊசியால் குத்தி "தெரியுதா?" என்று கேட்டார். பத்து விரலுக்கும் "தெரியுது" என்றார். ரத்தத்திலும் ஒன்றும் இல்லை.

"ஒண்ணும் இல்லன்னா பின்ன ஏன் இப்படி மரத்துப்போயிக் கெடக்கீங்க?" என்று பஸ் நிறுத்தத்தில் கேட்டாள்.

"நல்லாத்தான இருக்கேன்" என்றார்.

அண்ணன் ஆறு வயது மூத்தவன். வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வான். சாப்பிட்டியா, பாப்பா படிக்கிறாளா, அங்க மழையா; இந்த மூன்று கேள்வி. பதில் வருவதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவான். நாலு நிமிஷத்தில் "சரி, காசு போவுது, வை" என்பான். போன் பேச்சு இலவசமாகிப் பத்து வருஷமான பிறகும் அப்படித்தான். அவன் போன பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் அந்த நேரத்துக்குப் பம்புக்காரர் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். துக்கம் என்று ஒன்றும் இல்லை. பஸ் வராத நிறுத்தத்தில் நிற்பதைப்போல, அவ்வளவுதான்.

செடியம்மா இரண்டாவது வாரம் அவர் சட்டைக் காலரில் சின்ன மைக் ஒன்றை மாட்டினார். வேலை செய்துகொண்டே பேசினால் போதும், அதை அறையில் ஒலிக்கவிடப்போகிறேன் என்றார். ஒரு தாளை நீட்டினார். பம்புக்காரர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அப்புறம் நாலைந்து காலைகள் அவர் மண்டியிட்டு வெட்டிக்கொண்டிருக்க, செடியம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதுக்கு ஏன் விருந்தாளின்னு பேரு?"

"விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குன்னு சொல்லுவாங்கல்ல. இது விருந்தாளியா வந்துச்சு. மருந்தும் அடிச்சுப் பாத்தாச்சு. நாப்பது வருஷமா போக மாட்டேங்குது."

செடியம்மா வாய்விட்டுச் சிரித்தார். "உங்க ஊர்லயும் இப்படித்தான் பரவுமா?"

"அங்க அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கும்மா. பூச்சி திங்கும், ஆடு திங்கும். முழங்கால் ஒசரம்கூட வராது. இங்க அதத் திங்க யாரும் இல்ல. அதான் இந்த ஆட்டம்."

"வெட்டும்போது பாவமா இருக்காதா?"

"செடி செடிதானம்மா."

மைக் இருப்பதை மூன்றாம் நாளே மறந்துவிட்டார். அதனால்தானோ, அல்லது அந்த அம்மா தனக்கு எந்த வகையிலும் உறவில்லை என்பதனாலோ, ஐந்தாம் நாள் செடியம்மா கேட்ட ஒரு சாதாரணக் கேள்விக்குப் பதிலாக அது வந்துவிட்டது. "கடைசியா ஊருக்கு எப்பப் போனீங்க?" என்று கேட்டார். பம்புக்காரர் கத்தரியை நிறுத்தாமல் சொன்னார். வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தது, அதனால் பாஸ்போர்ட் அந்த ஆபீஸ்காரர்கள் கையில் இருந்தது, அண்ணன் செவ்வாய்க்கிழமை இறந்தது, புதன்கிழமை காலையில் போய் வரிசையில் நின்றது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் நல்ல மாதிரிதான். ஒரு தாளை நகர்த்தி, இதுல கையெழுத்துப் போட்டு ஃபைலை வாபஸ் வாங்கிக்கோங்க, பாஸ்போர்ட்டை இப்பவே தர்றேன், ஆனா திரும்பி வர முடியுமான்னு எங்களால சொல்ல முடியாது என்றாள். மகள் கல்லூரியில் சேர்வதற்கும் அதே ஃபைல்தான். பேனா நூலில் கட்டித் தொங்கியது.

"அப்புறம்?"

"பேனாவை எடுக்கணும்ல. எடுக்கல. பின்னால ஆளுங்க நின்னுட்டு இருந்தாங்க. நகந்துட்டேன். அவ்ளோதாம்மா."

வீட்டில் அவர் வேறு மாதிரி சொல்லியிருந்தார். பாஸ்போர்ட்டைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள் என்றார். அண்ணியிடமும் அதையேதான் சொன்னார். அண்ணி, புருஷனை நடுவீட்டில் கிடத்தியிருந்த அந்த நேரத்திலும், "உன்னக் கட்டிப்போட்டுட்டாங்களேப்பா" என்று இவருக்காக ஒரு முறை தனியாக அழுதாள். வந்தவர்களிடமெல்லாம் தம்பி அங்கே துடித்துக்கொண்டிருக்கிறான், விடமாட்டேன் என்கிறார்கள் என்று சொன்னாள். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கண்காணாத அந்த ஆபீஸைச் சபித்தார்கள்.

கண்காட்சி திறந்த பிறகும் பம்புக்காரர் காலையில் மட்டும்தான் அந்த அறைக்குள் போனார். அப்போது ஒலிபெருக்கி ஓடாது. அறையில் கத்தரிச் சத்தமும் ஏசியின் முனகலும்தான். தன் குரல் அங்கே என்ன பேசுகிறது என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. ஊரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்து மகள்தான் பிடிவாதம் பிடித்தாள். அவள் பதினெட்டு வயதில் முதல் தடவையாக அப்பாவின் வேலையைத் தோழிகளிடம் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனார்கள். மனைவி நல்ல புடவை கட்டிக்கொண்டாள்.

அறையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். விருந்தாளி பாத்திக்குள் இடுப்புயரம் ஏறி, ஒன்றின்மேல் ஒன்று கிடந்தது. நாலு மூலையிலிருந்தும் அவர் குரல் வந்தது. "அப்பா வாய்ஸ்!" என்று மகள் போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தாள். செடியம்மாவின் கேள்விகள் எதுவும் அதில் இல்லை. பதில்களை மட்டும் ஒட்டியிருந்தார்கள். விருந்தாளியா வந்துச்சு. நாப்பது வருஷமா போக மாட்டேங்குது. பார்வையாளர்கள் சிரித்தார்கள். இங்க திங்க யாரும் இல்ல, அதான் இந்த ஆட்டம். ஒருவர் இன்னொருவரைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தார். மனைவியின் உதடு இறுகியது. "இது உங்களைப் பத்தியா, செடியைப் பத்தியா?" என்று அவர் காதருகே கேட்டாள். அதற்குள் குரல் செவ்வாய்க்கிழமைக்கு வந்துவிட்டது. அப்புறம் புதன்கிழமை. பேனா. பின்னால ஆளுங்க நின்னுட்டு இருந்தாங்க. நகந்துட்டேன். அவ்ளோதாம்மா. அதன் பிறகு வெகுநேரம் வெறும் கத்தரிச் சத்தம். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மகள் போனைக் கீழே இறக்கினாள்.

மனைவி சுவரில் தொங்கிய கண்ணாடிகளைத் தேதி தேதியாகப் பார்த்துக்கொண்டே கடைசிவரை நடந்தாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

வீட்டுக்கு வந்து புடவையை மாற்றி, அரிசியைக் களைந்து வைத்த பிறகுதான் கேட்டாள். "நான் போக வேணாம்னு சொல்லிருப்பேன்னு நெனச்சீங்களா?"

"இல்ல. போன்னு சொல்லிருப்ப."

"பின்ன?"

"அதான் சொல்லல."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப பாப்பா காலேஜுக்காகன்னு அதுல சொன்னதெல்லாம்?"

"அதுவும்தான். ஆனா அங்க நிக்கும்போது பாப்பா ஞாபகமே வரல. எதுவுமே வரல. அந்தப் பேனா கனமா இருக்கும்போலத் தெரிஞ்சுது."

"நேத்துகூட அண்ணி போன் பண்ணி அந்த ஆபீஸ்காரிய நாலு திட்டு திட்டுனாங்க. நானும் சேர்ந்து ரெண்டு திட்டு திட்டுனேன்." சட்டென்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வந்த வேகத்தில் அழுகையாகிவிட்டது. "இனிமே எந்த மொகத்தோட அவங்களோட சேர்ந்து திட்டுறது?"

அவளை அழவிட்டுவிட்டு நிற்கிறோமே என்று அவருக்குத் தோன்றியது. தோளைத் தொட வேண்டும் என்பதும் தெரிந்தது. செய்தார். கை போய் அங்கே இருந்தது.

மறுநாள் காலையில் செடியம்மாவிடம், கடைசியில் வருவதை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். செடியம்மாவின் முகம் விழுந்துவிட்டது. அந்த இடம்தான் இந்த வேலைக்கே உயிர் என்றார், அதைக் கேட்டவர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்றார். பிறகு அவர் எதிர்வாதம் எதுவும் செய்யாமல் நிற்பதைப் பார்த்து, "வீட்ல கேட்டுட்டாங்களா?" என்றார். பம்புக்காரர் தலையாட்டினார். "ஐயோ. நான் கேட்டிருக்கணும். கையெழுத்து இருக்குன்னு விட்டுட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று பத்து மணிக்குள் எடுத்தும்விட்டார். அண்ணனைப் பார்த்தே இராத அந்த அம்மா அவனுக்காக அழுகிறார், மூலையில் நின்ற அந்நியர்கள் மூக்கை உறிஞ்சினார்கள், மனைவி அழுதாள், மகள் நேற்றிலிருந்து தன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. ஊரே தன் பங்கை அழுதுவிட்டது என்று நினைத்துக்கொண்டே பம்புக்காரர் மண்டியிட்டுக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்திருந்த ஏழு கொழுந்துகளை வெட்டினார்.

இந்த விஷயம் இதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை, ஏனென்றால் மனைவி அண்ணியின் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். திட்டவோ, காட்டிக்கொடுக்கவோ இல்லை. எடுக்கவில்லை, அவ்வளவுதான். போன் அடுப்புமேடையில் கிடந்து அடிக்கும், அவள் பாட்டுக்கு வெங்காயம் நறுக்குவாள். அடித்து ஓயும். கொஞ்ச நேரத்தில் மறுபடி அடிக்கும். "உடம்பு சரியில்லையோன்னு பயப்படுவாங்க" என்றார் ஒருநாள். "உங்க அண்ணிதான. நீங்க எடுங்க" என்றாள்.

வியாழக்கிழமை அவளுக்கு அரை நாள் வேலை. மத்தியானம் நீல நிறச் சீருடையோடு கலைக்கூடத்துக்குப் பின்பக்கம், லாரிகள் வந்து சாமான் இறக்குகிற மேடைக்கு வந்துவிட்டாள். பம்புக்காரர் வெட்டிய துண்டுகளில் கண்ணாடிக்குப் போகாததையெல்லாம் மஞ்சள் பையில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். கவிழ்த்துப்போட்ட ஒரு மரப்பெட்டியில் அவள் உட்கார்ந்து, தன் போனை எடுத்து நீட்டினாள். அது அடித்துக்கொண்டிருந்தது. அவர் கையுறையைக் கழற்றினார்.

அண்ணி திரையில் வந்தாள். எப்போதும்போல முகத்துக்கு மிக அருகில் பிடித்திருந்தாள். நெற்றியும் ஒரு கண்ணும்தான் தெரிந்தன. "என்னப்பா, இவ போனை எடுக்கவே மாட்டேங்குறா? சண்டையா உங்களுக்குள்ள?"

"இல்ல அண்ணி."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். அண்ணி, ஒண்ணு சொல்லணும்." அவர் மனைவியைப் பார்த்தார். அவள் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு அவங்க தர மாட்டேன்னு சொல்லல. கையெழுத்துப் போட்டா தர்றேன்னுதான் சொன்னாங்க. திரும்பி வர்றது கஷ்டம், அவ்ளோதான். நான் போடல."

அண்ணி போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். இப்போது முழு முகமும் தெரிந்தது. இளைத்திருந்தாள்.

"ஏம்ப்பா?"

"தெரியல அண்ணி."

"தெரியலயா?"

"தெரியல."

அவள் எங்கோ பக்கவாட்டில் பார்த்தாள். பிறகு, "இரு. அடுப்புல வச்சுட்டு வந்திருக்கேன்" என்றாள். படம் சுழன்று, எதன்மேலோ டொக்கென்று உட்கார்ந்தது. திரையில் அண்ணன் வீட்டுக் கூரை வந்தது. ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பாத்திரம் ஒன்று நகர்கிற சத்தம் கேட்டது. குழாய் திறந்தது. தண்ணீர் பாத்திரம் எதிலும் விழாமல் வெறும் தொட்டியில் ஓடுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

மனைவி நகர்ந்து வந்து எட்டிப் பார்த்தாள். "வச்சுட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப இருங்க."

அவர் பெட்டியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். லாரி பின்னால் வந்து நின்றது, ஆட்கள் குதித்தார்கள், யாரோ ஓரம் ஓரம் என்றார்கள். அவர் ஓரம் போகவில்லை. அங்கே மின்சாரம் நின்றிருக்க வேண்டும். கூரையில் இருந்த வெளிச்சம் சட்டென்று மங்கியது. தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. அதுவரை ஒரு வட்டமாக இருந்த மின்விசிறி வேகம் குறைந்து, இன்னும் குறைந்து, அதன் மூன்று இறக்கைகளும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன.